‘இயல்பு இடைமுகம்’ என்பதில் இயல்பு யாருடையது?

போச்சம்பள்ளி விரிவுரையாளர்:

அனைவருக்கும் வணக்கம். பல்தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினிப் பாடம் நடத்தி வருகிறேன். இந்தப் பருவத்தில் ‘நேச்சுரல் யூசர் இன்டர்ஃபேஸ்’ என்னும் தலைப்பை எடுக்க வேண்டியிருந்தது. இடைமுகம் என்பது மனிதரும் கணினியும் தொடர்புகொள்ளும் வழி. என் கையில் உள்ள குறிப்பில் ஓர் ஏணிப் படம் இருக்கிறது. அடிப்படியில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் கறுப்புத் திரை, நடுப்படியில் மவுஸும் ஐகானும் கொண்ட வரைகலை இடைமுகம், மேற்படியில் தொடுகை, கையசைவு, பேச்சு ஆகியவற்றால் இயங்கும் இயல்பு இடைமுகம். மனிதன் கணினியின் மொழியைக் கற்ற காலம் போய், கணினி மனிதனின் மொழியைக் கற்கும் காலம் வந்துவிட்டது என்று படத்தின் கீழே ஒரு வரியும் உண்டு.

நானும் அப்படியே நடத்தினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “சார், எங்கள் பாட்டிக்கு மவுஸும் வராது, செல்போன் திரையைத் தள்ளவும் வராது. அவருக்கு இரண்டும் ஒன்றுதானே? இதில் எது சார் இயல்பு?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்ததால் அன்றைக்குத் தப்பித்தேன். அடுத்த வகுப்பு வியாழக்கிழமை. அதற்குள் பதில் வேண்டும்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அதில் உள்ள ‘இயல்பு’ எதைக் குறிக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். தமிழில் இதை ‘இயற்கை இடைமுகம்’ என்பதா, ‘இயல்பு இடைமுகம்’ என்பதா என்ற குழப்பமும் எனக்கு இருக்கிறது.


ஓசூர் திரைப்பலகை:

ஐயா, அந்த ஏணியைப் பற்றி எனக்கு நீண்ட நாளாகவே மனத்தாங்கல் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களில் பொருத்தப்படும் திரைப்பலகைகளை வடிவமைப்பது என் வேலை. அதே ஏணிப் படத்தை விற்பனையாளர்கள் கொண்டுவந்து காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயரின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் மான், உடலில் அணியும் கணினிகளை இளம் வயது முதலே தாமே செய்து பார்த்தவர். 1990களில் அவர் தம்முடைய ஆய்வை இந்தப் பெயரால் குறித்தார். வரைகலை இடைமுகத்தில் நாம் காணும் மேசை, கோப்புறை, குப்பைத்தொட்டி எல்லாம் உருவகங்கள். உண்மையான மேசை கண்முன் இருக்கும்போது மேசையின் படம் எதற்கு என்பது அவருடைய கேள்வி. ஆகவே அவர் வாயில் இந்தப் பெயர், உருவகத்தை இடையில் நிறுத்தாத கணினியைக் குறித்தது. பிறகு 2006இல் கிறிஸ்டியன் மூர் என்பவர் இதே பெயரில் ஒரு திறந்த ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் திரைகளை வீட்டிலேயே செய்து பார்ப்பவர்கள் அங்கே கூடினார்கள். 2008இல் மைக்ரோசாஃப்டில் இருந்த ஆகஸ்ட் டி லோஸ் ரேயெஸ், கட்டளை வரி, வரைகலை, அதற்கடுத்து இயல்பு என்ற வரிசையை மேடையில் விளக்கினார். உங்கள் குறிப்பில் உள்ள ஏணி பரவியது அந்தக் காலத்தில்தான்.

ஏணியின் குறை என்னவென்றால், மேற்படியில் வைத்த பொருள்கள் பலவும் நடுப்படிக்கு முன்பே பிறந்தவை. பெல் ஆய்வகத்தின் ‘ஆட்ரி’ என்னும் கருவி 1952லேயே, பேசிய எண்களை அடையாளம் கண்டது. ஐபிஎம்மின் ‘ஷூபாக்ஸ்’ 1962இல் 16 சொற்களைப் புரிந்துகொண்டது. ஐவன் சதர்லேண்ட் 1963இல் ஒளிப்பேனாவால் திரைமீதே கோடு வரைந்து, அதைப் பிடித்து இழுத்து உருமாற்றிக் காட்டினார். விரலால் தொடும் திரையைப் பற்றி இங்கிலாந்தின் அரச ரேடார் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் எழுதியது 1965இல். வான்வழிப் போக்குவரத்தைக் கண்காணிப்பவர்களுக்காக அது எண்ணப்பட்டது. டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸைப் பொது அரங்கில் காட்டியதோ 1968 டிசம்பர் 9 அன்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ 4’ பாடக் கணினியில் 1972இல் மாணவர்கள் திரையைத் தொட்டு விடை சொன்னார்கள். திரைக்கு முன்னால் 16க்கு 16 என அகச்சிவப்புக் கதிர்களால் வலை கட்டியிருந்தார்கள். மவுஸும் ஐகானும் கொண்ட ஜெராக்ஸ் ஸ்டார் கணினி விற்பனைக்கு வந்தது 1981இல்தான்.

ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளில் பிந்தி வேலைக்குப் போனவனைப் பேரன் என்று அறிமுகப்படுத்துவது போலத்தான் இந்த ஏணி.


காரிமங்கலம் ஓய்வாசிரியர்:

சொல்லைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. 34 ஆண்டுகள் தமிழ்ப்பாடம் நடத்தியவன் என்பதால் அதுவே என் எல்லை.

தமிழில் இயற்கைக்கு எதிர்ச்சொல் செயற்கை. ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்த எதுவும் செய்யப்பட்டதே. ஆகவே ‘இயற்கை இடைமுகம்’ என்று சொன்னால், ‘இயற்கையாக விளைந்த பிளாஸ்டிக் குடம்’ என்று சொன்னது போல் ஆகிவிடும். ‘இயல்பு’ என்பது பொருத்தமான சொல். ஆனால் அது தனித்து நிற்காத சொல். இயல்பு என்றவுடன் எதன் இயல்பு, யாருடைய இயல்பு என்ற கேள்வி கூடவே வரும். கருவியின் இயல்பையா, கையாளுபவரின் இயல்பையா, பெயர் வைத்தவர்கள் எதைக் கருதினார்கள்? உங்கள் மாணவி கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.


ஓசூர் திரைப்பலகை:

நல்ல கேள்வி, ஐயா. இதற்கு டேனியல் விக்டர், டென்னிஸ் விக்சன் ஆகிய இருவரும் இயல்பு இடைமுகம் பற்றி 2011இல் எழுதிய நூலில் நேராகவே விடை சொல்லிவிட்டார்கள். இயல்பு என்பது கருவியின் பண்பு அன்று. கருவியைப் பயன்படுத்தும்போது மனிதர் எப்படி நடந்துகொள்கிறார், எப்படி உணர்கிறார் என்பதைக் குறிப்பது அது. அப்படியானால் தொடுதிரை என்பதனாலேயே ஒன்று இயல்பு இடைமுகம் ஆகிவிடாது. நன்கு பழகியவர் கையில் விசைப்பலகையும் அந்த நிலையை அடையலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் கட்டளை வரியில் தட்டும்போது விரல்களைப் பார்த்தால், அவர் யோசிக்கிறார் என்றே தோன்றாது.

இதை ஒப்புக்கொண்டால் ஏணியின் மூன்றாம் படி அங்கே நிற்க முடியாது. பெயரைப் பரப்பிய துறையினரே அதை வசதியாக மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.


பாலக்கோடு சேவை மையம்:

வணக்கம். நான் விண்ணப்பங்கள் பதிந்து தரும் மையம் ஒன்றை நடத்துகிறேன். நூல் அறிவு எனக்கு இல்லை. நாள்தோறும் எதிரே உட்காரும் விரல்களைப் பற்றிச் சொல்ல முடியும்.

எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் கையெழுத்துப் போடாதவர்கள். அவர்களுடைய பெருவிரலுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். மைத்தட்டில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக ஒரு புரட்டுப் புரட்டி, பிறகு தாளில் அதே போல் அழுத்திப் புரட்டி எடுக்க வேண்டும். கூட்டுறவுக் கடனுக்கும் பத்திரத்துக்கும் வாழ்நாள் முழுவதும் செய்து பழகிய கைநாட்டு அது. அதே விரலைக் கைரேகைக் கருவியின் கண்ணாடியில் வைக்கச் சொன்னால் அங்கேயும் புரட்டுகிறார்கள். “ஆயா, அசைக்காமல் வையுங்கள்” என்று சொன்னால் கையை விறைப்பாக்கிக்கொள்கிறார்கள். விரல் நுனி மட்டும் கண்ணாடியில் படுகிறது, உள்விரல் படுவதில்லை. தக்காளித் தோட்டத்திலும் களத்திலும் தேய்ந்துபோன ரேகை என்பது வேறு.

செல்போன் திரையிலும் இதே கதைதான். தங்கள் கைப்பேசியைக் கொடுத்து, “இந்த எழுத்தைத் தொடுங்கள்” என்றால் கைநாட்டு வைக்கும் அழுத்தத்தோடு வைத்து எடுக்கிறார்கள். திரை அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடுகிறது. “நான் தொட்டால் மட்டும் ஏன் வேறு வருகிறது?” என்று ஒரு பாட்டி கேட்டார். அவர் தொட்டது தவறே இல்லை. பொருளை உறுதியாகத் தொடுவதுதான் அவருக்கு இயல்பு; பட்டும் படாமலும் தொடுவது அவர் வாழ்க்கையில் கொதிக்கும் பாத்திரத்துக்கு மட்டும் உரியது.

என் கடையில் மவுஸும் இருக்கிறது. ஒப்பிட்டுச் சொன்னால், மவுஸைப் பிடிக்கத் தெரியாதவர் தமக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறார். தொடுதிரையில் தடுமாறுபவரோ தம் கைதான் சரியில்லை என்று வெட்கப்படுகிறார். ‘இயல்பு’ என்று பெயர் வைத்ததன் விளைவு அதுவும் கூடத்தான்.


ஓசூர் திரைப்பலகை:

அக்கா, உங்கள் பதிவை எங்கள் அலுவலகத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

நீங்கள் கண்டதை வேறு வழியில் வந்தடைந்தவர் ஜெஃப் ராஸ்கின். மெக்கின்டாஷ் கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். ஓர் இடைமுகத்தை உள்ளுணர்வுக்கு உகந்தது என்று மக்கள் சொல்லும்போது, அது தமக்கு ஏற்கெனவே பழக்கமானது என்பதைத்தான் சொல்கிறார்கள் என்று 1994இல் எழுதினார். கைநாட்டுக்குப் பழகிய விரலுக்குக் கைநாட்டே உள்ளுணர்வு.

2010இல் வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்டு நார்மன் இன்னும் கடுமையாக எழுதினார்: இயல்பு இடைமுகங்கள் இயல்பானவை அல்ல என்பதே அவருடைய வாதம். அவர் எடுத்துக்காட்டிய ஒன்று நமக்கு நெருக்கமானது. நாம் தலையை இடவலமாக ஆட்டி ஆமாம் என்று சொல்வதைக் கண்டு மேற்கத்தியர் குழம்பிப்போவார்கள் அல்லவா? தலையாட்டலே ஊருக்கு ஊர் வேறுபடும்போது உலகம் முழுவதற்கும் பொதுவான சைகை எங்கே இருக்கிறது என்று கேட்டார். இன்னொன்று 2006இல் வந்த நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி. பந்து உருட்டும் விளையாட்டில் கையை வீசி, பந்தை விட வேண்டிய கணத்தில் பலர் கையிலிருந்த கருவியையே விட்டுவிட்டார்கள். அது பறந்துபோய்த் தொலைக்காட்சியில் மோதியது. நிறுவனம் மணிக்கட்டுப் பட்டையை உறுதியானதாக மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அவர்கள் செய்த அசைவு முற்றிலும் இயல்பானது; கேடு வந்ததே அதனால்தான்.

நார்மனும், இடைமுகங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் யாகோப் நீல்சனும் அதே 2010ஆம் ஆண்டில் சேர்ந்து எழுதிய கட்டுரையில் மற்றொரு இழப்பைச் சுட்டினார்கள். வரைகலை இடைமுகத்தில் என்னென்ன செய்யலாம் என்பது பட்டியலாகக் கண்ணுக்குத் தெரியும். தவறினால் ஒரு படி பின்வாங்கலாம். சைகையோ கண்ணுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். மூன்று விரலால் இழுத்தால் திரை படமாகச் சேமிக்கப்படும் என்பதை நம்மில் யாரும் தாமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். பக்கத்து இருக்கைக்காரர் சொல்லியிருப்பார்.


காரிமங்கலம் ஓய்வாசிரியர்:

இப்போது எனக்குப் பேச ஓர் இடம் கிடைத்திருக்கிறது. என் தந்தையார் மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் ஊரில் கூடும் சந்தையில் அவர் துண்டு போட்டுப் பேசுவதைச் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன்.

தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாங்குபவர் கைமீதும் தம் கைமீதும் போர்த்திக்கொள்வார். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பற்றினால் ஒன்று. இரண்டைச் சேர்த்துப் பற்றினால் இரண்டு. கை முழுவதையும் பற்றினால் ஐந்து. ஆறு என்றால் முழுக் கையையும் ஒருமுறை பற்றிவிட்டுப் பின் ஒரு விரலைப் பற்றுவார். அது ஆறு நூறா, ஆறாயிரமா என்பதைத் துண்டு சொல்லாது. மாட்டின் பல்லைப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கும். முகத்தில் ஒரு சலனமும் இராது. வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் விலை தெரியாது. நண்பர்கள் சொல்லும் தொடுகை இடைமுகம் இதுவேதான்: திரை இல்லை, எழுத்து இல்லை, தொட்டவுடன் பொருள் சென்று சேர்கிறது. என் தந்தையாருக்கு அது மூச்சு விடுவது போல இருந்தது. ஆனால் நான் ஒருமுறை துண்டுக்குள் கையை விட்டபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

நம் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று தமக்குள் சொல்வது போல, ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் குறியை குழூஉக்குறி என்பர். அது தகுதி வழக்கில் அடங்கும். துண்டுக்குள் பேசும் விரல் குழூஉக்குறி. இயல்பு வழக்கு அன்று. மூன்று விரல் இழுப்பும் அத்தகையதே.

ஆனால் இயல்பு வழக்கில் என்னென்ன அடங்கும் என்று பாருங்கள். இலக்கணம் உடையதும், இலக்கணம் உடையது போல் வழங்குவதும் மட்டுமல்ல, மரூஉவும் அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், கோயம்புத்தூர் கோவை ஆனதும் நாவில் தேய்ந்த தேய்மானம். தேய்ந்து சிதைந்த வடிவத்தையும் இயல்பு என்றே நம் முன்னோர் ஏற்றார்கள். பிறவியிலேயே வந்தது மட்டும் இயல்பு என்று அவர்கள் கருதவில்லை. வழங்கி வழங்கி வந்ததும் இயல்புதான். இரு விரலால் படத்தை விரிப்பது இன்றைக்கு அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். என் பேத்தி அச்சிட்ட திருமண அழைப்பிதழில் இருந்த படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.


போச்சம்பள்ளி விரிவுரையாளர்:

ஐயா, குழூஉக்குறி என்ற ஒரு சொல்லுக்காகவே இந்த இழையைத் தொடங்கியதற்கு மகிழ்கிறேன். ஆயினும் முழுவதும் பழக்கமே என்று ஒப்புக்கொள்ள மனம் தயங்குகிறது.

பேச்சு வராத குழந்தை கூட வேண்டிய பொருளை நோக்கி விரலை நீட்டுகிறது. அதை எந்தச் சந்தையிலும் கற்கவில்லை. இந்தத் துறையின் முன்னோடி ஆய்வுகளைப் படித்தபோது, அவை அந்த விரல் நீட்டலைத்தான் தேடிப் போனதாக எனக்குத் தோன்றியது. எம்ஐடியில் ரிச்சர்டு போல்ட் 1980இல் வெளியிட்ட ஆய்வில், சுவரளவு திரைக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்தவர் விரலை நீட்டி, ‘அதை எடுத்து அங்கே வை’ என்கிறார். மணிக்கட்டில் கட்டிய உணர்கருவி விரல் எங்கே நீள்கிறது என்று கணினிக்குச் சொல்கிறது. அந்த வாக்கியத்தில் ‘அது’, ‘அங்கே’ என்னும் சுட்டுச் சொற்கள் விரல் இல்லாவிட்டால் பொருளற்றவை. விரலும் சொல் இல்லாவிட்டால் பொருளற்றது. இரண்டையும் சேர்த்தால்தான் கட்டளை. 1970களில் மைரன் குருகர் அமைத்த அறையில் கையுறையோ கருவியோ இல்லாமல், பார்வையாளரின் நிழலுருவமே திரையில் உள்ள பொருள்களோடு விளையாடியது.

இவற்றையும் குழூஉக்குறி என்று ஒதுக்கிவிட முடியுமா?


ஓசூர் திரைப்பலகை:

ஒதுக்க முடியாது. தொடுகை, சைகை என்று உறுப்பைக் கொண்டு பிரிக்காமல், வேறு விதமாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வரைபடத்தை விரலால் இழுக்கும்போது, விரலுக்குக் கீழே இருந்த ஊர் விரலுக்குக் கீழேயே இருக்கிறது. விரல் நின்றால் அதுவும் நிற்கிறது. பின்னால் இழுத்தால் திரும்பி வருகிறது. இதைக் கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மேன் 1980களின் தொடக்கத்திலேயே நேரடிக் கையாளல் என்று வரையறுத்தார்: பொருள் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், செயல் சிறிது சிறிதாகவும் மீட்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும், விளைவு உடனே தெரிய வேண்டும். அவர் இதைச் சொன்னது தொடுதிரைக்காக அல்ல. ஆனால் தொடுதிரையில் நமக்கு எளிதாகத் தோன்றும் பலவும் இந்த மூன்றையும் நிறைவேற்றுபவை. இரு விரல் விரிப்பும் அத்தகையது. விரல் வைத்த இரண்டு புள்ளிகளும் விரலோடு நகர்கின்றன. அதனால்தான் அது குழூஉக்குறியாகத் தங்காமல், ஐயா சொன்ன மரூஉ நிலைக்கு விரைவாக வந்தது. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பல விரல் தொடுகை ஆய்வு 1982லேயே நடந்தது. பல விரல் தொடுகைக் கருவிகளைச் செய்த ஃபிங்கர்வொர்க்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை ஆப்பிள் 2005இல் வாங்கியது. 2006இல் ஜெஃப் ஹான் என்னும் ஆய்வாளர் அத்தகைய திரையை மேடையில் காட்டி வியக்க வைத்தார். 2007 ஜனவரியில் ஐபோன் அறிவிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு ஆய்வகத்தில் கிடந்த ஒன்று, கைக்கு வந்த சில ஆண்டுகளில் ஊர் முழுவதும் பரவியது.

மூன்று விரல் இழுப்புக்கு இப்படிப்பட்ட கொக்கி ஏதும் இல்லை. அது மனப்பாடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் எப்போது கருவியோடு பேசுகிறோம், எப்போது சும்மா இருக்கிறோம் என்பது கருவிக்குத் தெரியாது. கண் பார்வையால் கணினியை இயக்கிப் பார்த்த ராபர்ட் ஜேக்கப், பார்த்ததெல்லாம் கட்டளை ஆகிவிடும் இந்தத் தொல்லைக்கு, தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ் அரசனின் பெயரை வைத்தார். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் பஸ்மாசுரன் என்று வைத்திருப்போம்.

என் வேலையிலிருந்து ஒன்று. ஒரு கடைசல் பிரிவுக்குப் புதிய தொடுதிரைப் பலகை வடிவமைத்தோம். என் மேசைமீது மிக அழகாக இயங்கியது. இயந்திரத்தில் நின்ற நிலையில் தோள் உயரத்தில் பொருத்திய பின், இயக்குபவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு தொடுவதைப் பார்த்தேன். கையை நீட்டியபடி வைத்திருந்தால் வலிக்கும் என்பது இத்துறையில் பழைய பாடம், கொரில்லாக் கை என்று அதற்குப் பெயரே உண்டு, எனக்குத்தான் மறந்துவிட்டது. கையுறையோடு தொட்டால் அந்தக் கண்ணாடி உணரவும் இல்லை, ஏனெனில் அவ்வகைத் திரை தோலின் மின்பண்பைக் கொண்டு இயங்குவது. பலகையைத் தாழ்த்தினோம், சாய்த்தோம், அடிக்கடி வேண்டிய நான்கு செயல்களுக்கு அழுத்தும் பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவந்தோம். அவசர நிறுத்தம் எப்போதும் போலச் சிவப்புப் பொத்தானாகவே இருந்தது. அதைத் திரையில் வைக்கலாம் என்று யாரும் பேசத் துணியவில்லை.

உடல் முழுவதன் அசைவையும் உணரும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் என்னும் விளையாட்டுக் கருவி 2010 நவம்பரில் வந்து, முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. 2017இல் அதன் உற்பத்தி நின்றது. விற்ற வேகத்தை மட்டும் ஏணிப் படக்காரர்கள் சொல்வார்கள்.


சந்தூர் மாந்தோப்பு:

பேச்சைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். எங்கள் தோப்புக் கிணற்றில் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கும். மூன்று பேஸ் மின்சாரம் வந்தவுடன் பெட்டியே என்னை அழைக்கும். எடுத்தால், மின்சாரம் வந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். ஓட வைக்க ஓர் எண், நிறுத்த ஓர் எண். இரவு இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் பாம்புக்கு அஞ்சி நடந்த காலம் அத்தோடு போயிற்று.

இதே வேலைக்குச் செயலி ஒன்றும் இருக்கிறது. மோட்டார் படத்தைத் தொட்டுச் சுழற்ற வேண்டும். பார்க்க மிக அழகு. என் மகன் நிறுவிக் கொடுத்தான். நான் அழைப்புக்கே திரும்பிவிட்டேன். தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதும், கேட்பதும், எண்ணை அழுத்துவதும் எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். தூக்கக் கலக்கத்திலும் தவறுவதில்லை. என் மனைவிக்கு எண் அழுத்தும் முறையும் பிடிக்கவில்லை. அவர் மணி அடிப்பதைக் கேட்டவுடன் என்னை எழுப்பி, “மோட்டாரைப் போடு” என்கிறார். ஆக எங்கள் வீட்டில் குரல் கட்டளையால் இயங்கும் இயல்பு இடைமுகம் நான்தான்.


பாலக்கோடு சேவை மையம்:

அண்ணா, உங்கள் கடைசி வரியைப் படித்துச் சிரித்தேன். ஆனால் என் மையத்திலும் அதுவே உண்மை. குரலால் கேட்டால் விடை சொல்லும் வசதியை முதியவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். நம் மாவட்டங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, வெளியே தமிழ் பேசுபவர்கள் ஏராளம். ஒரே வாக்கியத்தில் மூன்றும் வரும். அவர்கள் வீட்டில் பேசுவது போலப் பேசினால் கருவி திகைக்கிறது. ஆகவே வானொலிச் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிறுத்தி, எழுத்துத் தமிழில் பேச முயல்கிறார்கள். கணினி மனிதனின் மொழியைக் கற்கும் காலம் என்று ஐயா முதலில் எழுதியிருந்த வரியை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர்கள் என்னிடம் திரும்பி, தங்கள் பேச்சிலேயே சொல்கிறார்கள். நான் தட்டச்சுச் செய்கிறேன்.


போச்சம்பள்ளி விரிவுரையாளர்:

அனைவருக்கும் நன்றி. வியாழக்கிழமைக்கான குறிப்பைத் திருத்திவிட்டேன். ஏணியை எடுத்துவிட்டு, 1952 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஒரே கோட்டில் கிடையாக எழுதிவைத்திருக்கிறேன். எந்த ஆண்டு எந்தப் படியைச் சேர்ந்தது என்று மாணவர்களே சொல்லட்டும். பெயரை ‘இயல்பு இடைமுகம்’ என்றே வைத்துக்கொள்கிறேன். யாருடைய இயல்பு என்ற கேள்வியைத் தலைப்பின் கீழேயே எழுதுகிறேன். கைநாட்டுப் பாட்டியின் செய்தியை, பாலக்கோடு அம்மா இசைந்தால், வகுப்பில் சொல்ல விரும்புகிறேன்.

இன்னொன்றும் செய்யப்போகிறேன். இருவர் இருவராக நிற்க வைத்து, துண்டுக்குள் விலை பேசச் சொல்வேன். முதலில் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல். பிறகு குறிகளைச் சொல்லிக்கொடுத்து. அதற்காகக் காரிமங்கலம் ஐயாவிடம் ஒரு சந்தேகம். விலை கட்டாது, வேண்டாம் என்பதற்குத் துண்டுக்குள் என்ன குறி?


காரிமங்கலம் ஓய்வாசிரியர்:

அதற்குத் தனிக் குறி கிடையாது, ஐயா. கையை உருவிக்கொள்வார்கள். அதை மட்டும் என் தந்தையார் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.